செத்த பின் கறுப்பு

மலையுச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலில் வாழும் பிராணியைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் அவர். சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். கொடைக்கானல் பஜாரே சிரித்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை என்று சொன்னால் பொய். சிரிக்கிறவனை நிறுத்தி வைத்து, "எதுக்குச் சிரிச்சீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று கேட்பார். கிண்டலுக்காகக் கேட்கமாட்டார், நிஜமாகவே கேட்பார். அவன் முழிப்பான். பதில் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார். இரண்டு முறை இப்படி மாட்டிக்கொண்டவன் மூன்றாவது முறை அவரைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவான்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் சொல்லாததையெல்லாம் சொன்னதா எழுதியிருக்கீங்க பாய்" என்று எங்கிருந்தாவது வந்து சண்டைக்கு நிற்பார். மலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார் என்பதால் எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை இழுத்துவிட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற தோள்.

முதல் முறை அவரைப் பார்த்தது வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் பஸ்ஸுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, அவர் காலடியில் இருந்த தகரப் பெட்டிக்கு முன்னால் நின்றார். பெட்டியின் மூலையிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார்.

"தலை" என்றார் இவர்.

முன் இருக்கையில் இருந்த கிழவர் ஒருவர் மெதுவாக எழுந்து ஓட்டுநர் பக்கம் போய் நின்றுகொண்டார். கண்டக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. டீச்சரம்மா அவசரப்படாமல் மீதியையும் சொன்னார். அது கடல் பன்றியின் தலை, தொண்டிப் பக்கம் வலையில் விழுந்தது, உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார், உப்பு போதவில்லை. பெட்டியை ரோட்டோரத்தில் இறக்கு என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் எழுந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நாறுது. நாறலேன்னு நான் சொல்லல. ஆனா பெட்டி எறங்கணும்னா நானும் எறங்கணும். எனக்கு டிக்கெட் கொடைக்கானல் வரைக்கும் போட்டிருக்கு. பாதி வழியில எறக்கி விடுறதுக்கு எந்த ரூல்ஸ்ல எடம் இருக்கு, காட்டுங்க."

கண்டக்டரிடம் ரூல்ஸ் புத்தகம் ஏது? பஸ் கிளம்பியது. அவர் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. நான் போய் உட்கார்ந்தேன். கருவாட்டு வியாபாரிக்கு அந்த நாற்றம் சொந்த வீட்டு வாசனை. பேச்சுக் கொடுத்ததில், அந்த ஒரு தலைக்காக லீவு போட்டுவிட்டுத் தொண்டி வரைக்கும் போய்வருகிறார் என்று தெரிந்தது. என் மனைவியின் அண்ணன் தொண்டியில் வலைக்காரர், அவரிடமிருந்துதான் எங்கள் கடைக்குக் கருவாடு வருகிறது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது! பசித்தவன் சோற்றுப் பானையைப் பார்ப்பான் இல்லையா, அப்படிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அலைச்சல் குறைந்தது. எங்கள் லாரி மலையிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போகும். திரும்பும்போது அரிசியும் கருவாடும் ஏற்றிவரும். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் மச்சான் அனுப்பும் பெட்டியும் வரும். வலையில் கடல் பன்றி விழுந்து செத்தால் அதன் தலை, வயிற்றுப்பை, பெண்ணாக இருந்தால் கர்ப்பப்பை, எல்லாவற்றையும் உப்பில் அமுக்கி அனுப்ப வேண்டும். எந்த இடத்தில், எந்த வலையில் விழுந்தது என்று ஒரு துண்டுச் சீட்டும் வைக்க வேண்டும். மச்சான் முதலில் முனகினார். அப்புறம் பழகிவிட்டார்.

வம்பு எங்கள் வீட்டிலேயே வந்தது. கடையில் பன்றித் தலை இறங்குகிறதாமே என்று தொழுகைக்கு வந்த பெரியவர்கள் என் தகப்பனாரான அத்தாவிடம் கேட்டுவிட்டார்கள். அத்தா கோபத்தோடு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் கொட்டும் மழையில் குடையோடு வந்து நின்றார். அது பன்றிதானா என்று அத்தா கேட்டார். பன்றியும் இல்லை, மீனும் இல்லை, மேலே வந்து காற்றை இழுத்து மூச்சுவிடுகிற பிராணி, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, யாரோ பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருப்பதால் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

"அப்ப அது ஹலாலா, ஹராமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேளுங்க."

அத்தா டீ கொண்டுவரச் சொன்னார். அவர் போன பிறகு என்னிடம், "படிச்சவங்கள்ல தெரியாதுன்னு சொன்ன ஆள இப்பத்தான்டா பாக்கறேன். பெட்டி வந்தா எறக்கிக் குடு" என்றார். ஹஜ்ரத்தைக் கேட்டாரா, அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி வருவது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய குணமே இதுதான். பார்த்ததைப் பார்த்தேன் என்பார். பார்க்காததற்கு ஒரு அடிகூட முன்னால் வைக்கமாட்டார். கேட்பதற்கு நல்ல குணம் மாதிரி இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு எரிச்சல் என்று! மழை வருமா டீச்சரம்மா என்று பேச்சுக்குக் கேட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்பார். கருவாடு எப்படி இருந்தது என்றால், நான் வாங்கியதில் மூன்று துண்டு நன்றாக இருந்தது, மீதி இன்னும் சமைக்கவில்லை என்பார். என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, ஆண்பிள்ளைதானே என்று வீட்டுப் பெண்களெல்லாம் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும், "பாதிக்குப் பாதி" என்றார். என் மனைவி அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

சதையை நீக்கி மண்டையோட்டைச் சுத்தமாக எடுப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. மலைக் குளிரில் எதுவும் சீக்கிரம் அழுகாது. வயிற்றுப்பையைப் பத்திரப்படுத்த அந்தக் குளிர் தோதாக இருந்தது, எலும்பெடுக்கத்தான் தோது இல்லை. ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்குமிடத்துக்குப் பின்னால் அவற்றின் சாணம், லத்தி, குவிந்துகிடந்தது. காலையில் அதிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே கையை விட்டுப் பார்த்தாராம். வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. குதிரைக்காரர்களிடம் பேசி, தலைகளைச் சாக்கில் கட்டி அதற்குள் புதைக்க ஆரம்பித்தார். இரண்டு மூன்று மாதத்தில் சதை கழன்று எலும்பு வந்துவிடும். குதிரை லத்தியில் கடல் பிராணியின் தலை! இதற்குச் சிரிக்காமல் இருந்தவன் எவனும் இல்லை.

ஒரு சீசனில் நாய்கள் ஒரு சாக்கைத் தோண்டி இழுத்துக்கொண்டுபோய், பக்கத்து ஓட்டல் புல்தரையில் போட்டுவிட்டன. காலைக் காபிக்கு வந்து உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓட்டல் மானேஜர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சத்தம் போட்டார். இவர் மன்னிப்புக் கேட்பார் என்று தலைமையாசிரியை எதிர்பார்த்தார். இவரோ, கீழ்த்தாடை எங்கே என்று மானேஜரைத் திருப்பிக் கேட்டார். நாய் செய்த வேலைக்கு நாயோடு பேசிக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் என் பொருள் காணாமல் போயிருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்றார். கடைசியில் மானேஜரும் இரண்டு வேலைக்காரர்களும் புல்தரையில் குனிந்து பல் பொறுக்கினார்கள். நானே பார்த்தேன். கடல் பன்றியின் பல் மண்வெட்டி அலகு மாதிரி தட்டையாக இருக்கும், டால்பின் என்கிற ஓங்கிலின் பல் கூர்மையாக இருக்கும், பல்லைக் கொண்டுதான் இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டும் என்று பொறுக்கும்போதே மானேஜருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மானேஜருக்கு அழுகை வராத குறை.

இதில் எனக்கு அக்கறை வந்தது ஒரே ஒரு விஷயத்தால். ஒருநாள் கடையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தலையோடு, முழங்கை நீளத்தில் ஒரு பிறக்காத குட்டியும் இருந்தது. இது எப்படிச் செத்தது என்று கேட்டேன். மூழ்கி, என்றார். கடலில் கிடக்கிற பிராணி தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? நான் நம்பவில்லை. புதிதாக நைலான் வலை வந்திருக்கிறது, பழைய பருத்தி வலையை அது முட்டிக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம், நைலான் அறுபடாது, மாட்டிக்கொண்டால் மூச்சுவிட மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே திணறிச் சாகிறது என்று விளக்கினார். தாயும் குட்டியுமாகத் திணறியிருக்கின்றன. கருவாடு விற்கிறவன் மீனுக்காக வருத்தப்பட முடியாது. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பருத்தி வலையைக் கிழித்தது நிஜமா என்று பிறகு கேட்டேன். "கிழிச்சிருக்கலாம்னுதான் சொன்னேன்" என்றார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு பேராசிரியர் வந்தார். சென்னைக்காரர். சீசனுக்கு மலைக்கு வந்தவர், யாரோ சொல்லி, டீச்சரம்மாவின் வீட்டுப் பின்னறையில் அடுக்கியிருந்த மண்டையோடுகளையும் கண்ணாடி ஜாடிகளையும் பார்க்க வந்தார். நான் ஜாடிகளைத் தூக்கிவைக்க உதவிக்குப் போயிருந்தேன். பார்த்து அசந்துபோனார். இத்தனை வயிற்றுப்பைகள் இந்தியாவிலேயே யாரிடமும் இருக்காது என்றார். பிறகு டீச்சரம்மா எழுதிவைத்திருந்த கட்டுரையை வாங்கிப் படித்தவர் ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தார். உடல் நிறம் என்ற இடத்தில், "செத்த பின் கறுப்பு" என்று எழுதியிருந்தது.

எல்லாப் புத்தகங்களிலும் கறுப்பு என்றே இருக்கிறதே, செத்த பின் என்று எதற்கு ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"புத்தகம் எழுதினவங்களும் செத்ததத்தான் பாத்திருப்பாங்களோ என்னமோ. நான் உயிரோட ஒண்ணுகூடப் பாத்ததில்லீங்க. உயிரோட இருக்கப்ப என்ன நெறம்னு நான் எப்படி எழுத முடியும்?"

பேராசிரியரின் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக இந்தப் பிராணிக்காக ஊரோடு மல்லுக்கு நிற்கிறவர் அதை ஒரு தடவைகூட உயிரோடு பார்த்ததில்லை. கல்லூரியில் வேலை பார்த்த நாளில் அவருக்கு நெஞ்சில் நோய் வந்து, பிழைத்தால் மலைமேல்தான் பிழைக்கலாம், உப்புக்காற்றும் வெக்கையும் ஆகாது என்று டாக்டர்கள் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தொண்டிக்குப் போய்வந்த நாட்களில்கூடக் கரையோடு திரும்பியிருக்கிறார். படகில் ஏற நேரம் இருந்ததில்லை.

பேராசிரியர் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, கடற்கரையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வரப்போகிறது, படகோடு, வீட்டோடு, ஒருவருக்கு இடம் இருக்கிறது, அதை இவருக்கே வாங்கித்தர முடியும். மற்றொன்று, கடல் பன்றிகள் மீனைத் தின்று தீர்க்கின்றன, வலையைப் பாழாக்குகின்றன என்று புகார் வந்திருப்பதால், கொன்று கொண்டுவருகிறவர்களுக்கு வெகுமதி கொடுக்கும் திட்டம் ஒன்று மேலே தயாராகியிருக்கிறது. அடுத்த சீசனில் அதிகாரிகள் கொடைக்கானலில் கூடி முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் டீச்சரம்மா தன் ஜாடிகளோடு வந்து பேசவேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் கடைசியில், இவை கடலில் ஏராளமாக இருக்கின்றன, கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும்.

அவர் போன பிறகு டீச்சரம்மா கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நேராக டாக்டரிடம் போய், கீழே போனால் உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார். டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, போவதென்றே வைத்துக்கொண்டு பேசினார். வீட்டில் எத்தனை ஜன்னல் இருக்கும், படகு பாய்மரமா மோட்டாரா, வெள்ளனே கிளம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்றெல்லாம் கேட்டார். நான் கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த அம்மாளை அப்படி ஆசையாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் இன்னொருவர் வந்தார். மலையில் பங்களா வைத்திருந்த வக்கீல். மிருகங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். திட்டத்தை உடைக்க ஒரே வழி, கடல் பன்றி அழிந்துகொண்டே வருகிறது, இன்னும் சில நூறுதான் பாக்கி என்று கூட்டத்தில் சொல்லிவிடுவது, பத்திரிகைகளுக்கு நான் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றார். டீச்சரம்மா, சில நூறு என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, சொன்னால் நன்றாக இருக்கும் என்றார் வக்கீல். முடியாது என்று அனுப்பிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பொய் சொன்னால் கடல் கிடைக்கும். இந்தப் பக்கம் ஒரு பொய் சொன்னால் கடல் பன்றி பிழைக்கும். இரண்டையும் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நிற்கிறவரை என்ன சொல்வது?

"டீச்சரம்மா, உங்களுக்காகச் சொல்ல வேணாம். அந்த வாயில்லாச் சீவனுக்காக ஒரு பொய் சொன்னா என்னா கொறஞ்சு போயிரும்?"

அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும்.

"பாய், அவரு ஏராளம்ங்கறாரு, இவரு கொஞ்சம்ங்கறாரு. ரெண்டு பேருமே கடலுக்குள்ள எட்டிப் பாக்கல. நானும் ஒண்ணச் சொன்னா மூணு பொய்யாப் போகும். யார் பொய் சத்தமா இருக்கோ அது செயிக்கும். அந்தச் சண்டையில என் சத்தம் எடுபடாது. என்கிட்ட இருக்கறது நான் பாத்தது மட்டுந்தான்."

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உயிரைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என் கணக்கில் பொய்யே இல்லை. ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அவரிடம் வாதம் செய்து ஜெயிக்க என்னால் ஆகவில்லை.

கூட்டம் ஏரிக்கரையில் ஒரு ஓட்டலின் பெரிய கூடத்தில் நடந்தது. கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளியே பனிமூட்டம். மேஜைக்குப் பின்னால் பெரிய அதிகாரி, பக்கத்தில் பேராசிரியர், சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள். கடற்கரை வலைக்காரர்கள் சார்பாக வரவழைக்கப்பட்டிருந்த சிலரில் என் மச்சானும் இருந்தார். மலைக் குளிருக்கு என் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டிருந்தார். அவருக்குத் திட்டம் வேண்டும். நைலான் வலை என்ன விலை, அதில் கடல் பன்றி சுருட்டிக்கொண்டால் நாள் முழுக்கத் தொழில் கெட்டது, அதற்கு யார் ஜவாப் என்பது அவர் கட்சி. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜாடிகளைச் சுமந்து வந்ததால் நான் பின்வரிசையில் உட்கார இடம் கொடுத்தார்கள்.

டீச்சரம்மாவை ஆங்கிலத்தில் பேசச் சொன்னார் அதிகாரி. கொல்லப்போகிறவர்கள் இந்த வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தமிழிலேயே பேசினார். வயிற்றுப்பைகளில் இருந்தவற்றை ஜாடி ஜாடியாகக் காட்டினார். இறால், கணவாயின் அலகு, சின்னச் சின்ன மீன்கள். வலைக்காரர்கள் நம்பிப் பிழைக்கிற பெரிய மீன் நான் பார்த்த எந்த வயிற்றிலும் இல்லை, பார்க்காத வயிற்றில் இருக்கலாம் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கடைசி வார்த்தையை யார் கேட்டார்கள்? கர்ப்பப்பைகளில் ஒரு குட்டிக்கு மேல் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அதிகாரி பொறுமை இழந்து, இவை கடலில் மொத்தம் எத்தனை இருக்கின்றன, அதைச் சொல்லுங்கள் என்றார். பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சரம்மாவையே பார்த்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"தெரியாது" என்றார் டீச்சரம்மா.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தெரியாதவர்கள் எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்லத்தாங்க வந்தேன். இங்க அதச் சொல்ல வேற யாரும் வரல." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. எத்தனை இருக்கு?"

ஏராளம் என்றார் பேராசிரியர்.

"ஏராளம்னா எத்தனைங்க?"

பேராசிரியர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அப்படித் திட்டவட்டமாக யாராலும் சொல்ல முடியாது என்றார். டீச்சரம்மா விடவில்லை. அதிகாரியைக் கேட்டார். அது தன் வேலை இல்லை என்றார் அவர். கோட்டுப் போட்டவர்களை வரிசையாகக் கேட்டார். ஒருவர் புகார் மனுக்களைப் பார்த்தால் தெரியும் என்றார், ஒருவர் கூரையைப் பார்த்தார். யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன் என்றார். பிறகு என் மச்சானிடம் வந்து நின்றார்.

"நீங்க கடலுக்குப் போறவுங்க. சொல்லுங்க, எத்தனை இருக்கு?"

மச்சான் எழுந்து நின்றார். "நெறையாக் கெடக்குங்க" என்றவர், டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணுனதில்ல" என்றார்.

"ஒரு தாய் எத்தனை வருஷத்துக்கு ஒருக்காக் குட்டி போடுது?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது" என்றார் டீச்சரம்மா. அதிகாரியைப் பார்த்துத் திரும்பினார். "எத்தனை இருக்குன்னு தெரியல, எத்தனை பொறக்குதுன்னு தெரியல. கொண்ணு கொண்டாந்தா காசு கொடுக்கறோம்னு மட்டும் தெரியுது. உங்க கோப்புல எத்தனை இருக்குங்கற எடத்துல என்ன எழுதப் போறீங்க? அதுக்குக் கீழ யாரு கையெழுத்துப் போடப் போறீங்க?"

கையெழுத்து என்றதும் கோட்டுப் போட்டவர்களுக்குள் ஒரு அசைவு தெரிந்தது. அதிகாரி பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுவென்று பேசினார். டீக்கு எழுந்து போனார்கள். திரும்பி வந்து, எண்ணிக்கை எடுக்கும்வரை திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். கைவிடப்படுகிறது என்று சொல்லவில்லை. எண்ணிக்கையை யார் எடுப்பது என்றும் சொல்லவில்லை.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வாசலில் பேராசிரியர் டீச்சரம்மாவை நிறுத்தி, அந்த நிலையத்து இடத்துக்கு வேறொருவரைப் போட்டாகிவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மச்சான் என் கம்பளியைக் கழற்றி என் மேலேயே எறிந்தார். சபையில் வைத்துத் தன் வாயைப் பிடுங்கிய பொம்பளைக்கு இனிமேல் ஒரு முள்கூட அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெரசா நடந்து போய்விட்டார். சொன்னபடியே அனுப்பவில்லை. மற்ற வலைக்காரர்களையும் அனுப்ப விடவில்லை. கருவாடுகூட நான் கொஞ்ச காலம் வேறிடத்தில் வாங்கவேண்டி வந்தது.

ஏரிக்கரையோடு நடந்து வரும்போது டீச்சரம்மா ஜாடிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குதிரைகளைக் கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, ரொம்ப நேரம். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்குக் காவல் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படகு மோட்டார் படகாம் பாய்" என்றார். எனக்கு அந்தப் பேராசிரியரை ஏரியில் தள்ள வேண்டும் என்று வந்தது. இன்று நினைத்தாலும் வருகிறது.

அப்புறம் அவர் சிரிக்கிறவர்களை நிறுத்திக் கேட்பதில்லை. பெட்டி வராததால் கடைக்கும் வேலையில்லை. பள்ளிக்கூடம், வீடு என்று இருந்தார். அடங்கிவிட்டார் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பரீட்சைகள் முடிந்து பள்ளிக்கூடம் அடைத்த மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் நாங்கள் லாரியில் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். வேலையை ராஜினாமா செய்துவிட்டாராம். லாரியில் கீழே இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்துத் தொண்டி போவதாகச் சொன்னார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். போன தடவை சொன்னதையே சொன்னார் என்றார். அங்கே உத்தியோகம் கிடையாது. நிலையத்துக்காரர்கள் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். மச்சான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார், வேறு எந்த வலைக்காரரும் படகில் ஏற்றமாட்டார். இதையெல்லாம் அடுக்கினேன். ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டே டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து, இடுப்பில் இருந்த எங்கள் பெண்பிள்ளையோடு நின்று, ஒரு பொட்டலம் இட்லியை அவர் மடியில் வைத்தாள்.

"யாருமில்லாத ஊருக்குப் போயி என்னா சோலி பாக்கப் போறீங்க டீச்சரம்மா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

லாரி நகர ஆரம்பித்த பிறகு, ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பதில் சொன்னார்.

"எண்ணப் போறேன், பாய்."